பதினோரு மட்டைகளும் ஒரு நடைவழியும்

பட்டாணியின் அம்மா அடித்தால் பந்து நேராகப் போகும். எவ்வளவு நேராக என்றால், ஒருமுறை அந்தப் பந்து போன தடத்தைப் பார்த்துத்தான் மைதானத்துக்காரர்கள் வேலி போட்டார்கள். அந்த வேலி இன்றுவரை ஓரிடத்தில்கூடக் கோணவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். வேலி வருத்தப்படாது.

அவர் கோல்ஃப் ஆட்டக்காரர். பொழுதுபோக்குக்காக அல்ல, அதுதான் அவருடைய தொழில். மற்ற அம்மாக்கள் அலுவலகத்துக்குப் போவதுபோல அவர் புல்தரைக்குப் போவார். அவருடைய மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே நடப்பவன் நான். நான் அவரைச் ‘சாம்பியன்’ என்று கூப்பிடுவேன். அவர் என்னை ‘அண்ணே’ என்பார். பட்டாணிக்கு நான் ‘பை மாமா’.

பட்டாணிக்குப் பத்து வயது. அவள் உருண்டையாகவும் இல்லை, பச்சையாகவும் இல்லை. பிறகு ஏன் அந்தப் பெயர் என்று யாருக்கும் தெரியாது. அவளே விசாரித்துக்கொண்டிருக்கிறாள்.

கோல்ஃபில் இரண்டு விதமான வேலை உண்டு. தூரத்திலிருந்து பந்தை ஓங்கி அடித்துக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோவது ஒன்று. பக்கத்தில் வந்தபின் மெல்லத் தட்டி உருட்டிக் குழிக்குள் தள்ளுவது இன்னொன்று. அந்த இரண்டாவது வேலைக்கென்றே ஒரு தனி மட்டை இருக்கிறது. அதன் பெயர் பட்டர். ரொட்டியில் தடவுவது வேறு.

சாம்பியனுக்கு முதல் வேலையில் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வேலைதான் எட்டு மாதமாகக் காலை வாரிக்கொண்டிருந்தது.

முந்நூறு அடி தூரத்திலிருந்து அடித்த பந்து குழியிலிருந்து நாலடியில் வந்து நிற்கும். கூட்டம் கைதட்டும். சாம்பியன் பட்டரை எடுத்து மெல்லத் தட்டுவார். பந்து குழியின் ஓரத்தைத் தொட்டு, “நல்லா இருக்கீங்களா?” என்று விசாரித்துவிட்டு அப்பால் போய்விடும்.

நாலடி! நான்கூடப் போட்டுவிடுவேன். சரி, போடமாட்டேன். ஆனால் அவர் போடவேண்டும் இல்லையா?

வருடக் கடைசியில் ஒரு பட்டியல் வரும். அதில் முதல் அறுபது பேருக்குத்தான் அடுத்த வருடம் பெரிய போட்டிகளில் ஆட அனுமதி. சாம்பியன் அறுபத்து மூன்றாவது இடத்தில் இருந்தார். மீதி இருந்ததோ ஒரே ஒரு போட்டி. நல்ல வேளையாக அது சொந்த ஊரிலேயே நடந்தது. நான்கு நாள் ஆட்டம்.

பட்டாணியின் அப்பாவுக்கு மட்டைகளைச் செப்பனிடும் வேலை. மைதானத்துக்குப் பக்கத்திலேயே அவருடைய பட்டறை. எல்லாரும் அவரை ‘மட்டை டாக்டர்’ என்பார்கள். கைப்பிடியை மாற்றுவார், கழுத்தை நிமிர்த்துவார், எடையைக் கூட்டுவார், குறைப்பார். மட்டையைக் காதருகே வைத்துத் தட்டிப் பார்த்தே அதற்கு என்ன உபாதை என்று சொல்லிவிடுவார். ஒருமுறை கூட்டத்தில் என் முழங்காலைத் தவறுதலாகத் தட்டிவிட்டு, “இதுக்குக் கைப்பிடி மாத்தணும்” என்றார்.

மனைவியின் பந்து குழியில் விழவில்லை என்றால் டாக்டர் சும்மா இருப்பாரா? புதிதாக ஒரு பட்டரை வாங்கி வந்தார். அதுவும் சரிப்படவில்லை. இன்னொன்று வந்தது. லாடம் மாதிரி ஒன்று. துணி தேய்க்கும் இஸ்திரிப்பெட்டி மாதிரி ஒன்று. தலையில் இரண்டு வெள்ளை வட்டம் போட்டு, முறைத்துப் பார்க்கும் ஆந்தை மாதிரி ஒன்று. இன்னொன்று அவ்வளவு நீளம். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது கைப்பிடி பேருந்தின் முன்வாசலிலும் தலை பின்வாசலிலும் இருந்தன. நடத்துனர் இரண்டு டிக்கெட் கேட்டார்.

மொத்தம் பதினோரு பட்டர்கள்.

வீட்டின் நடைவழியில் நீளமாக ஒரு பச்சைக் கம்பளம் விரித்திருந்தார்கள். அதன் கோடியில் ஒரு டம்ளர் படுத்திருக்கும். அதுதான் குழி. எந்தப் பட்டர் வந்தாலும் டாக்டர் முதலில் அந்தக் கம்பளத்தில் சோதிப்பார். பந்து டம்ளருக்குள் நேராகப் போகும்வரை பட்டரின் கழுத்தை நூலளவு, நூலளவாகத் திருப்புவார். எல்லாம் சரியான பிறகுதான் சாம்பியன் கையில் கொடுப்பார்.

அந்தக் கம்பளத்தில் சாம்பியன் நூறு தடவை தட்டினால் நூறும் டம்ளருக்குள். மைதானத்தில்தான் வெளியே.

“மட்டையில ஒரு குறையும் இல்ல. வீட்டுல நூத்துக்கு நூறு போகுதே! அப்போ மனசுலதான் ஏதோ...” என்றார் டாக்டர்.

மனசுக்கென்று ஒரு நிபுணரைப் பார்த்தார்கள். “அடிக்கிறதுக்கு முன்னாடி கண்ணை மூடி, அமைதியான ஒரு குளத்தை நினைச்சுக்கங்க” என்றார் அவர். சாம்பியன் நினைத்தார். அடுத்த பந்து குளத்தில் விழுந்தது.

போட்டியின் மூன்றாம் நாள் ஆட்டம் முடிந்தது. அன்று மட்டும் ஏழு சின்னத் தட்டல்கள் தப்பின. நாங்கள் வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து இருக்கும். சாம்பியன் காலணியைக் கழற்றி வைத்தார். சோபாவில் உட்காரவில்லை, சோபாவுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

“அண்ணே, நாளையோட சரி. அடுத்த வருஷம் நான் சின்னப் பசங்களுக்கு ஆட்டம் சொல்லிக் குடுக்கப் போறேன்.”

“நல்ல வேலைதான். ஆனா உனக்கு அதுல பொறுமை பத்தாதே சாம்பியன்” என்றேன்.

“எனக்கு இந்த ஆட்டம் பிடிச்சிருக்குண்ணே. அதுதான் கஷ்டம்” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். குழாயை ரொம்ப வேகமாகத் திறந்துவிட்டார். வெளியே வேறு எந்தச் சத்தமும் கேட்கக்கூடாது என்பதற்காக இருக்கும்.

பட்டாணி என் சட்டையை இழுத்தாள். அவள் கையில் ஒரு நோட்டு.

“பை மாமா, இதைப் பாருங்களேன்.”

பக்கம் முழுக்க வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு குழி. தப்பிய பந்து குழியைத் தாண்டி எந்தப் பக்கம் போனது என்று பக்கத்தில் ஒரு புள்ளி வைத்திருந்தாள். மூன்று நாட்களும் பார்வையாளர்களைத் தடுக்கும் கயிற்றுக்கு வெளியே நின்று அதைத்தான் வரைந்திருக்கிறாள். நான் அவள் பூ வரைகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

“எத்தனை புள்ளி இருக்கு?” என்று கேட்டேன்.

“பத்தொன்பது. அது முக்கியம் இல்ல மாமா. எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க.”

பார்த்தேன். பத்தொன்பதும் வலது பக்கம்.

“பயத்துல கை நடுங்குதுன்னு எல்லாரும் சொல்றீங்க. நடுங்கினா ஒரு தடவை இந்தப் பக்கம் போகணும், ஒரு தடவை அந்தப் பக்கம் போகணும். எப்பவும் வலது பக்கமே போகுதுன்னா அது என்ன பயம்?”

முப்பது வருடமாகப் பை தூக்குகிறேன். ஒவ்வொரு குழியிலும் ஒரு காரணம் சொல்லியிருக்கிறேன். இங்கே புல் சாய்ந்திருந்தது, அங்கே காற்று வந்தது, இன்னோரிடத்தில் ஒரு வண்டு குறுக்கே போனது. பத்தொன்பதுக்கும் சேர்த்து ஒரே காரணம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வண்டின்மேல் பழி போட்டது தப்புதான்.

“மட்டைதான் கோணலா இருக்கணும்” என்றாள் பட்டாணி.

“பதினோரு மட்டையுமா? அதுவும் உங்கப்பா கை வெச்ச மட்டை! வீட்டுல நேரா போகுதே?”

“அதான் எனக்கும் புரியல.” நகத்தைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். “வீடு நேரா இருக்கா மாமா?”

சமையலறையிலிருந்து ஒரு பெரிய தட்டை எடுத்து வந்தாள். கம்பளத்தை விலக்கி, தட்டைத் தரையில் வைத்து, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினாள். வலது விளிம்பு இன்னும் காய்ந்தே கிடந்தது. இடது விளிம்பில் தண்ணீர் வழிந்து அவள் காலை நனைத்தது. தட்டை அரைவட்டம் திருப்பி வைத்துப் பார்த்தாள். அப்போதும் தண்ணீர் அதே இடது சுவர்ப் பக்கம்தான் வழிந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எட்டு மாதத்துக்கு முன்னால்தான் இந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் குடி வந்தார்கள். நடைவழித் தரை இடது பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியாத சாய்வு. பந்துக்கு மட்டும் தெரியும். நேரான பட்டரால் தட்டிய பந்து இடது பக்கம் சரிந்திருக்கிறது. மட்டையில்தான் குறை என்று நினைத்த டாக்டர், அதன் முகத்தை வலது பக்கம் திருப்பியிருக்கிறார். வீட்டில் பந்து டம்ளருக்குள் விழுந்தது. மைதானத்தில் வலது பக்கம் போனது. மனம் நொந்து புதுப் பட்டர் வாங்கினார்கள். அதையும் இதே நடைவழிக்குக் கொண்டுவந்து இதே மாதிரி திருப்பினார். பதினோரு தடவை!

நான் சிரிக்கப் போனேன். பட்டாணி என் வாயைப் பொத்தினாள்.

“மாமா, சிரிக்காதீங்க. அப்பா பாவம். ராத்திரி பகலா உக்காந்து சரி பண்ணாரு. இதை அவர்கிட்ட எப்படிச் சொல்றது?”

“சொல்லாம விட்டுட்டா ரொம்பச் சுலபம்.”

“அப்போ அம்மா?”

 மாட்டிக்கொண்டால் நான் தலையைச் சொறிவேன். சொறிந்தேன்.

பட்டாணி தண்ணீரைத் துடைத்தாள். கம்பளத்தைப் பழையபடி விரித்தாள். ஆனால் டம்ளரை எடுத்து எதிர்க்கோடியில் கொண்டுபோய் வைத்தாள். சரியாக அப்போது டாக்டர் பட்டறையிலிருந்து வந்தார்.

“அப்பா, ஒரு ஆட்டம் போடலாமா? தோத்தவங்க இன்னிக்குப் பாத்திரம் கழுவணும்.”

“இப்பவா? அம்மா எப்படி இருக்கா?”

“குளிக்கிறாங்க. ஒரே ஒரு ஆட்டம்பா. இந்தப் பக்கத்துலேர்ந்து.”

அந்தக் கம்பளத்தில் டாக்டர் தோற்றதே கிடையாது. ஆந்தைப் பட்டரை எடுத்து, பார்க்கக்கூடப் பார்க்காமல் ஒரு தட்டுத் தட்டினார். பந்து டம்ளருக்கு ஒரு சாண் தள்ளிப் போய்ச் செருப்பு அலமாரிக்குள் நுழைந்தது.

“கை வழுக்கிடுச்சு” என்றார்.

மறுபடி தட்டினார். செருப்பு அலமாரி.

இந்தப் பக்கத்திலிருந்து அடித்தால் தரையின் சாய்வும் வலது, மட்டையின் திருப்பமும் வலது. இஸ்திரிப்பெட்டியை எடுத்தார். செருப்பு அலமாரி. லாடத்தை எடுத்தார். செருப்பு அலமாரி. நீளமான பட்டரை எடுக்கப் போனவர் நின்றுவிட்டார். கம்பளத்தின்மேல் குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். அப்படியே கிடந்தார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

“பட்டாணி” என்றார் தரையிலிருந்தபடியே. “இது எவ்வளவு நாளா இப்படி இருக்கு?”

“நாம குடி வந்ததுலேர்ந்து இருக்கும்பா.”

“அப்போ பதினோரு மட்டையையும் கெடுத்தது நான்தான்.”

அவர் எழுந்திருக்கவில்லை. பட்டாணியும் அவருக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டாள். இருவர் மூக்கும் கிட்டத்தட்ட முட்டியது.

“நீங்க கெடுக்கலப்பா. தரை கோணல். பதினோரு மட்டையையும் நூலளவு பிசகாம அந்தக் கோணலுக்குச் சரியாத் திருப்பியிருக்கீங்க. அதுக்கு எவ்வளவு திறமை வேணும்! வேற யாராவதா இருந்தா ஒண்ணு ரெண்டாவது தப்பிப்போய் நேரா இருந்திருக்கும்.”

 டாக்டரின் வயிறு குலுங்க ஆரம்பித்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று முதலில் தெரியவில்லை. சிரிப்புதான். வாயைப் பொத்த யாரும் இல்லாததால் நானும் சேர்ந்துகொண்டேன்.

குளியலறைக் கதவு திறந்தது. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சாம்பியன் நின்றார்.

“என்ன, மூணு பேரும் தரையில கிடக்கீங்க?”

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். ஆனால் அப்போது அதைத் திருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

பட்டாணி நோட்டைக் காட்டினாள். பத்தொன்பது புள்ளிகளைக் காட்டினாள். தட்டைக் காட்டினாள். டாக்டர் செருப்பு அலமாரியைக் காட்டினார். சாம்பியன் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அப்போ... எனக்கு ஒண்ணும் இல்லையா?”

“ஒண்ணும் இல்லம்மா. உனக்குப் பயமே இல்ல. நீ எப்பவும்போல நேராத்தான் அடிச்சிருக்க” என்றாள் பட்டாணி.

சாம்பியன் துண்டால் முகத்தைத் துடைத்தார். முகம் முன்பே காய்ந்துதான் இருந்தது. ஆனாலும் ரொம்ப நேரம் துடைத்தார்.

“பதினொண்ணையும் இப்பவே நேராக்கிடறேன்” என்று டாக்டர் பட்டறைக்கு ஓடப் பார்த்தார்.

“ஒண்ணு போதும். எனக்கு ரெண்டு கைதான் இருக்கு” என்றார் சாம்பியன். இருப்பதிலேயே சாதாரணமான பட்டரை எடுத்துக் கொடுத்தார். அதற்கு வட்டமும் கிடையாது, லாடமும் கிடையாது.

ஆட்டத்துக்கு நடுவில்தான் மட்டையைத் திருத்தக்கூடாது. ஒரு நாள் ஆட்டம் முடிந்து அடுத்த நாள் தொடங்குவதற்குள் திருத்தலாம். டாக்டர் திருத்தினார். மறுநாள் காலையில் நாலு பேரும் மைதானத்தின் பயிற்சிப் புல்தரைக்குப் போய்ச் சோதித்தோம். முதலில் அந்த இடத்தில் தட்டை வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாள் பட்டாணி. தோட்டக்காரர் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

“தட்டுக்குத் தாகமாம்” என்று அவரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

கடைசி நாள் ஆட்டம் தொடங்கியது. முதல் குழியில் ஐந்தடி. உள்ளே. இரண்டாவது குழியில் மூன்றடி. உள்ளே. நாலாவது குழியில் தப்பியது. நான் திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம் பட்டாணி குதித்துக்கொண்டிருந்தாள். அடுத்த குழிக்கு நடந்து போகும்போது, “என்ன குஷி? தப்பிடுச்சே!” என்றேன்.

“இடது பக்கம் தப்பிடுச்சு மாமா! எட்டு மாசத்துல முதல் தடவை! இது நல்ல தப்பு!”

ஒன்பதாவது குழியில் வலது பக்கம் ஒன்று தப்பியது. பன்னிரண்டில் ஒன்று குழிக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. நோட்டில் புள்ளிகள் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடந்தன. எல்லாரும் செய்கிற மாதிரியான, சாதாரணமான, ஆரோக்கியமான தப்புகள்.

பதினெட்டாவது குழி. அதுதான் கடைசி. பந்து குழியிலிருந்து சரியாக நாலடியில் நின்றது. பெரிய பலகையில் கணக்கைப் போட்டுக் காட்டினார்கள். இது விழுந்தால் வருடப் பட்டியலில் சாம்பியன் அறுபதாவது. விழாவிட்டால் அறுபத்து ஒன்று.

கூட்டம் வாயை மூடிக்கொண்டது. ஒரு காகம்கூடக் கத்தவில்லை. அதுவும் பட்டியலைப் படித்திருக்க வேண்டும்.

சாம்பியன் என்னிடம் வந்தார். “என்ன நினைக்கிறீங்கண்ணே?”

நோட்டில் பார்த்த பத்தொன்பது வலது புள்ளிகள்தான் என் கண்ணில் நின்றன. ‘இடது பக்கம் ரெண்டு விரல் தள்ளி அடி’ என்று சொல்வதற்கு என் வாய் தானாகவே திறந்தது. “இட...” என்றேன். பிறகு மட்டை இப்போது நேராகிவிட்டது என்பது நினைவு வந்து, அதை இருமலாக மாற்றினேன். நீளமான இருமல். நடுவர் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

சாம்பியன் கயிற்றுப் பக்கம் பார்த்தார். ஆட்டத்தின்போது வெளியிலிருந்து யாரும் யோசனை சொல்லக்கூடாது. டாக்டர் இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தார்.  பட்டாணி நோட்டை மூடினாள். பென்சிலை மூடியில் செருகி இரண்டையும் பைக்குள் வைத்துவிட்டாள். இனி வரைய வேண்டியது எதுவும் இல்லை என்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

சாம்பியன் புன்னகை செய்தார். பந்துக்கு நேராக நின்றார். குழியை ஒருமுறை பார்த்தார். தட்டினார்.

நாலடி தூரம் உருள அந்தப் பந்து எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது தெரியுமா? அதற்குள் எனக்குத் தாடி ஒரு அங்குலம் வளர்ந்துவிட்டது. ஆனால் அது வலது பக்கம் போகவில்லை, இடது பக்கமும் போகவில்லை. யாரையும் நலம் விசாரிக்காமல் நடுக்குழியில் இறங்கியது. ‘டொக்’ என்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு வந்த சத்தத்தை நான் எழுத முடியாது. டாக்டர் கயிற்றைத் தாண்ட முயன்று அதிலேயே மாட்டிக்கொண்டார். பட்டாணி கயிற்றுக்கு அடியில் நுழைந்து ஓடிவந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள். நான் மரியாதையாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் பக்கம் டாக்டர் இன்னும் கயிற்றில்தான் இருந்தார். அவிழ்த்துவிட்டேன்.

“அம்மா, அடுத்த வருஷம் எந்த ஊர்ல முதல் ஆட்டம்?” என்று பட்டாணி கேட்டாள்.

“எந்த ஊரா இருந்தாலும் நீயும் வர்ற. தட்டும் வரும்.”

“அப்போ பாத்திரம்? அப்பா நேத்து தோத்துட்டாரு, இன்னும் கழுவல.”

“அந்த ஆட்டம் செல்லாது! தரை கோணல்!” என்றார் டாக்டர். நாங்கள் மூவரும் ஒரே குரலில் செல்லும் என்றோம்.

வீட்டுக்குக் கிளம்பும்போது நான் வழக்கம்போலக் குனிந்து பையை எடுக்கப் போனேன். சாம்பியன் தடுத்தார். அவரே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மறுகையால் பட்டாணியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். முப்பது வருடத்தில் அன்றுதான் நான் முதல்முறையாகக் கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். பாரம் இல்லாததால் இரண்டு தடவை தரையை விட்டு எழும்பிவிட்டேன். டாக்டர்தான் சட்டையைப் பிடித்து இறக்கினார்.